மக்கள்மார் சந்திப்பு



சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலின் மார்கழிப் பெருவிழாவில் மூன்றாம் நாளிரவு நிகழும் மக்கள்மார் சந்திப்பினை நாஞ்சில் நாட்டார் அனைவரும் அறிவர். பிற நாட்டு அன்பர்கள் அறிதற்பொருட்டுச் சிறிது கூறுவேன். கோட்டாற்று வலம்புரி விநாயகரும், வேளிமலைக் குமாரசுவாமியும், மருங்கூர்ச் சுப்பிரமணியரும் தத்தம் ஊரினின்றும் புறப்பட்டு வந்து தம் தாய்தந்தையரைக் காண்பர். சின்னாட்கள் உடனிருந்து, தேரோட்டத்தன்று நள்ளிரவில் விடைபெற்றுச் செல்வர். கூடியிருக்கும் பெண்டிர் அப்பொழுது கண்ணீர் சொரிவதனை யான் ஆண்டுதோறும் கண்டிருக்கின்றேன். தம் மக்களை வளைகுடா நாடுகட்கும் பெங்களூருக்கும் விடுத்துவிட்டு முதுமையிலே தனித்திருக்கும் தாய்மார் இந்நாட்டிற் பலராதலின், அக்கண்ணீர் முழுதும் விநாயகர்க்கும் முருகர்க்குமே உரியதென்று யான் கருதுவதில்லை.

இவ்விழாவிற்கு எம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஓராண்டின் நிகழ்ச்சியை எழுதவே எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்னும் சில கூறவேண்டியிருக்கின்றது. அவற்றுள் என் பிழையொன்றும் உண்டு.

யான் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியன். பழையாற்றங்கரையிலுள்ள எம் சிற்றூர்ச் சிவன் கோயிலின் முன்மண்டபத்திலே சனி ஞாயிறு மாலைகளிற் சிறுவர்க்குத் திருமுறை சொல்லிக்கொடுத்து வருகின்றேன். இத்தொண்டு யான் தொடங்கியதன்று. என் இளமையில் அம்மண்டபத்தில் முதியவர் ஒருவர் இருந்து எங்கட்குத் தேவாரம் பயிற்றினார். அவர்க்குச் சம்பளம் என்பதில்லை. அறுவடையின்போது வீட்டுக்கு வீடு அளந்த நெல்லே அவர் பெற்றது. பாடம் முடிந்தபின் அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு தெருவழியே நடந்து, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிற் கொண்டுவிட்டு, திண்ணையிற் சற்றமர்ந்து வீட்டாரோடு இரண்டொரு சொற் பேசிவிட்டு எழுவார். சுக்குக் காப்பிக்காகவே இவர் வருகின்றார் என்று யாங்கள் எங்களுக்குள் நகைத்ததுண்டு. அவர் சிவபதமெய்திய பின்னர், எவ்வீட்டில் அடுப்பெரியவில்லை, எவ்வீட்டில் உடன்பிறந்தார் பேச்சற்றிருக்கின்றனர், எவ்வீட்டுப் பெண்ணுக்கு மணம் தட்டிப்போகின்றது என்பதெல்லாம் அவர் ஒருவர்க்கே தெரிந்திருந்ததென்றும், அவற்றுட் பலவற்றை அவர் ஓசையின்றித் தீர்த்து வைத்தாரென்றும் ஊரார் சொல்லக் கேட்டேன். கேட்டும் அதன் பொருளை உணர்ந்தேனல்லேன். அவர்பால் யான் கற்றுக்கொண்டது பண்ணும் பாடமுமே. அந்த நடையை விட்டுவிட்டேன்.

நம் சைவ மடங்களும் இத்தகைய திண்ணைத் தொண்டினால் ஒரு நாட்டின் வாழ்வையே தொட்டமைக்கு இந்நாட்டிற் சான்றுண்டு. தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளையென்னும் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்தவர், அவ்வூரை அடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறைக் கிளைமடத்துச் சாந்தலிங்கத் தம்பிரான் அவர்கள். அச்சிறுவரே பின்னர்க் கவிமணி எனப் போற்றப்பெற்றவர். அக்காலத்து நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழித் தாயத்தினால், தந்தை இறந்தவுடன் சொத்து அவன் உடன்பிறந்தாள் மக்கட்குச் செல்ல, பெற்ற மக்களும் மனைவியும் சிறுபங்கோடு தெருவில் நிற்க நேர்ந்தது. இக்கொடுமையை நகைச்சுவையும் அவலமுமாக ஒரு நூலிற் பாடி நாட்டாரைக் கண்திறக்கச் செய்தார் கவிமணி. அவ்வழக்கை மாற்றிய சட்டம் 1926ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் நிறைவேறிற்று. சட்டமியற்றியவர்கள் வேறு, அதற்கு உழைத்தோரும் பலர். ஆயினும், துறவி ஒருவர் மடத்தில் இருந்து பிறர் வீட்டுப் பிள்ளையொருவனுக்கு இலக்கணஞ் சொல்லிய மாலைப்பொழுதுகள், ஐம்பதாண்டிற்குள் பல்லாயிரம் வீட்டுப் பிள்ளைகட்குச் சோறாயின என்று எண்ணுந்தோறும் எனக்கு உள்ளம் உருகும்.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

எம் வகுப்பில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். குரல் நன்று, ஒருமுறை கேட்டதைப் பிழையின்றிச் சொல்வான். ஆனால் சனிக்கிழமைதோறும் பாதிப் பாடத்தில் வருவான். குளித்திரான், நெற்றியில் நீறிராது. இருமுறை அறிவுறுத்தினேன். மூன்றாம் முறை, பிற பிள்ளைகள் அனைவரும் பார்த்திருக்க, நீறில்லா நெற்றியோடு திருமுறையைத் தொடலாகாதென்றும், வீட்டில் இதனைச் சொல்லித்தருவார் எவருமில்லையோ என்றும் கடிந்து, அவனை மண்டபத்தினின்றும் இறக்கிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாது படியிறங்கிச் சென்றான். அன்று யான் சொன்ன பாடம் மிக நன்றாக அமைந்ததென்று எனக்குள் மகிழ்ந்ததும் நினைவிருக்கின்றது.

அவன் பின்னர் வரவில்லை. மூன்று கிழமை கழிந்தபின், எம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அவன் திருமண மண்டபங்களில் இலையெடுக்கும் வேலைக்குப் பெரிய பையன்களோடு செல்கின்றான் என்றும், அவர்களோடு சேர்ந்து குடிக்கவும் தொடங்கிவிட்டான் என்றும் கூறினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை! அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் அந்தியில் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். கோயிலினின்றும் கூப்பிடு தொலைவே. அவ்வீட்டு வாயிலை யான் அதற்கு முன் மிதித்ததில்லை என்பதனை நாணத்தோடு சொல்லவேண்டும். தாய் அப்பொழுதுதான் முந்திரி ஆலையினின்றும் வந்திருந்தாள். முந்திரிக்கொட்டையை உடைப்போர்க்கு அதன் தோட்டெண்ணெய் கைபட்ட இடமெல்லாம் தோலைச் சுட்டுக் கறுப்பாக்கிவிடும். அதனைத் தடுக்கக் கையிற் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பர். அவள் இரு கைகளும் முழங்கைவரை வெளுத்த சாம்பல் படிந்திருந்தன. கழுவ நேரமின்றி அப்படியே நின்று, "வாருங்க வாத்தியாரய்யா" என்று என்னை வரவேற்றாள். சனிக்கிழமையும் ஆலை உண்டு என்றும், தான் வரும்வரை தங்கையைப் பார்த்துச் சோறு வடித்து வைப்பவன் அவனே என்றும், தகப்பன் கட்டட வேலைக்குப் போவதும் கூலியைக் குடித்தழிப்பதுமாக இருக்கின்றான் என்றும் கூறினாள். "பாட்டா ஏசிப்போட்டாவன்னு சொன்னான். பிள்ளைக்கு நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பிய" என்றாள். அச்சொல்லில் குறையேதும் இல்லை. அதுவே எனக்குத் தாங்கற்கரிதாயிற்று.

சிறுவன் உள்ளே விளக்கருகில் தங்கைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், எழவில்லை.

நீறில்லையென்று யான் விரட்டிய பிள்ளையின் தாய், நாள்முழுதும் நீற்றிலேயே கைதோய்ந்து நிற்கின்றாள் என்பதனை அங்கே கண்டேன். அது திருநீறன்று, விறகுச் சாம்பலே என்று சாத்திரம் வல்ல அன்பர் கூறுவர். உண்மையே. யான் அதனைத் திருநீறென்று சாதிக்க முற்படவில்லை. பிள்ளையின் நெற்றியை மட்டும் பார்த்த என் கண்ணைப்பற்றியே கூறுகின்றேன். இருள் பொருளை மறைத்தாலும் தன்னையாவது காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்னும் கருத்துப்பட உமாபதிசிவனார் திருவருட்பயனில் அருளியதனை யான் முப்பதாண்டுகளாகப் பிறர்க்கு விளக்கி வந்திருக்கின்றேன். அவ்விருள் ஆசிரியன் இருக்கையில் வந்தமர்ந்து பாடஞ்சொல்லும் என்று அறிந்திலேன்.

அதன்பின் வகுப்பை மாற்றினேன், எளிதில் மாறிவிடவில்லை. சனிக்கிழமைப் பாடத்தை ஒரு நாழிகை தள்ளிவைத்தேன். தம்பி தங்கையரை உடன் அழைத்து வரலாம் என்றேன். மூத்தோர் படிக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிமார் முன்வந்தனர். திருமுறைக்குப் பின் அரைமணிநேரம் பள்ளிக் கணக்குப் பாடம். மண்டபத்தின் தூண்மாடத்தில் ஒரு திருநீற்று மரவை. வருவோர் எவரும் அதிலெடுத்துப் பூசிக்கொள்ளலாம். (இஃது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அன்பர்கள் கேட்பது என் செவியில் விழுகின்றது.) பாடம் முடிந்ததும் என் ஆசிரியர் செய்ததுபோலவே, பிள்ளைகளோடு தெருவழி நடந்து வீடுதோறும் விட்டுவரத் தொடங்கினேன்.

எம் ஊர்ப் பெரியோர் சிலர் இதனை விரும்பவில்லை. அவர்கள் கூற்றில் நியாயம் இல்லையென்று யான் சொல்லேன். சிவன் கோயில் மண்டபம் கணக்குப் பாடத்திற்கு உரியதோ, சிறு பிள்ளைகள் அழுதுகொண்டு கிடக்குமிடத்தில் திருமுறை முழங்குமோ என்றனர். கணக்குப் பாடத்தைக் கேட்டு அடுத்த தெருக் கிறித்தவச் சிறுமியொருத்தியும் வந்து உட்காரத் தொடங்கவே, முணுமுணுப்பு மிகுந்தது. அவள் திருமுறை முடியும்வரை படியிலே அமர்ந்திருந்து, பின்பு கணக்கிற்கு மட்டும் மேலேறி வருவாள். அவளை யாரும் அழைத்ததுமில்லை, விலக்கியதுமில்லை.

சரியையாவது கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல், அடியார்க்கு ஏவல் செய்தல் முதலியனவெனச் சிவஞானசித்தியார் விரிக்கும். அடியாரோடு கூடியிருத்தலையும் ஆலயந் தொழுதலையும் ஒருங்கு வைத்துச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் முடிவுகூறும். இக்கூட்டுறவு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதே வினா. மண்டபத்துள் வந்து அமர்ந்தாரோடு முடிவதாயின், மண்டபத்துட் புகமுடியாதார் நிலை யாது?

இவ்வினாவினை நாஞ்சில் நாடு பலமுறை எதிர்ப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாமித்தோப்பில் தோன்றிய வைகுண்ட சுவாமிகள், கோயிற் புகவும் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையற்றிருந்த மக்களை ஒருங்குகூட்டி, எல்லாரும் நீராடவும் பருகவும் முத்திரிக்கிணறு கண்டார். எழுநூறு குடும்பத்தாரைக் கடற்கரையிலே குடியிருத்தி, துவைத்தல், குளித்தல், ஒருவேளை உணவை உடனிருந்துண்டல் என்னும் ஒழுக்கத்தில் நிறுத்திய துவையல் பந்தியும் அவர் கண்டதே. அவர்வழி எழுந்த நிழல்தாங்கல்கள் பல ஊர்களிற் பிள்ளைகட்குப் பள்ளியாகவும் இருந்தன. அவர் நெறி வேறு, நம் நெறி வேறு. எனினும் தூய்மையும் உணவும் எழுத்தும் வழிபாட்டோடு ஒருங்கே கொடுக்கப்பட்டபொழுது ஒரு மக்கட்கூட்டம் நிமிர்ந்தது என்பதனை இந்நாட்டில் வாழ்வோன் எவனும் மறுக்கமாட்டான். நம் சுசீந்திரத்துத் திருவீதிகளிலோ, எல்லாரும் நடத்தற்கே 1926ஆம் ஆண்டு அறப்போர் செய்யவேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தபின்னரே, தாணுமாலயன் சந்நிதிக்கு எல்லா மக்களும் வந்தனர். மக்கள்மார் சந்திப்பு அதற்கு முன்னும் ஆண்டுதோறும் நடந்ததே; பெற்றோரைக் காண வந்த மக்கள் எத்தனை பேர் தெருமுனையிலேயே நின்றனர் என்பதை எண்ணினால் நாணுவோம்.

கிறித்தவச் சிறுமியைப்பற்றிய முணுமுணுப்பிற்கு யான் பெரியோரிடம் சொன்ன விடை வேறொன்று. அது 1982ஆம் ஆண்டினைச் சார்ந்தது.

அவ்வாண்டு மாசிக் கொடையின்போது மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தையும், மார்ச்சு 1ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் அறுவர் மாண்டதையும், அத்தீ கடற்கரை ஊர்களிற் பரவியதையும் எம்மினும் மூத்தோர் இன்றும் மெல்லிய குரலிலேயே பேசுவர். யான் அப்பொழுது இளம் ஆசிரியன். எம் தெருவில் எல்லா வாயில்களும் அடைபட்டன. அடுத்த வீடு கிறித்தவர் வீடு. இருவீட்டிற்கும் இடையே ஒரு குட்டைச் சுவரே உண்டு. நாற்பதாண்டாக அச்சுவர்மேல் கறியும் குழம்பும் போய்வந்துகொண்டிருந்தன. அக்கிழமை ஒன்றும் போகவில்லை, ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ என் தாய், யாரையும் கேளாது, ஒரு பாத்திரத்தில் அரிசியை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். மாலைவரை அஃது அங்கேயே இருந்தது. இரவில் எடுக்கப்பட்டு, விடியலில் அப்பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்நாட்களில்தான் குன்றக்குடி அடிகளார் இந்நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். சைவ ஆதீனமொன்றின் தலைவர் தம் மடத்தில் இருந்து அறிக்கை விடுத்தல் எளிது. அவரோ நேரில் வந்து, இருதிறத்து மக்களையும் கண்டு, அமைதிக்கு உழைத்தார். சமய நல்லிணக்கத்திற்கெனத் திருவருட் பேரவை என்னும் அமைப்பினையும் வளர்த்தார். 1952ஆம் ஆண்டு அருள்நெறித் திருக்கூட்டம் கண்டவர் அவர். 1977ஆம் ஆண்டளவில் குன்றக்குடியிலே கிராமத் திட்டத்தைத் தொடங்கி, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து அறிவியலாளரின் துணையோடு, வேலையற்றிருந்த ஊர்மக்கட்குத் தொழிலும் கூட்டுறவும் அமைத்தவரும் அவரே. மடத்திற்கு அருகில் உள்ளவன் பசித்திருக்க, மடத்துள் மாகேசுர பூசை நிறைவுறாது என்பதே அவர் செயல்களினின்றும் யான் அறிந்துகொண்டது. அவரை ஏற்காத சைவரும் உண்டு. மடாதிபதி அரசியலும் பொருளியலும் பேசலாமோ என்று அன்றே சிலர் எழுதினர். எனக்கும் அவர் கொள்கைகளுட் சிலவற்றில் ஐயமுண்டு. அந்த ஆண்டு அவர் இந்நாட்டில் நடந்த நடையில் ஐயமில்லை.

என் தாய் வைத்த அரிசிப் பாத்திரத்தின் கதையைப் பெரியோர்க்குச் சொல்லி, அச்சுவருக்கு அப்பாலுள்ள வீட்டின் பேர்த்தியே இப்பொழுது நம் படியில் அமர்ந்திருப்பவள் என்றேன். ஒருவரும் மறுமொழி கூறவில்லை. முதியவர் ஒருவர் மட்டும், "படியிலே ஏன்? கீழே குளிரும், பிள்ளையை உள்ளே இருக்கச் சொல்லும்" என்றார். அன்று முதல் அவளும் மண்டபத்தில் அமர்கின்றாள். திருமுறை ஓதுங்கால் வாய்மூடி இருப்பாள், இருக்கட்டும்.

இனி அச்சிறுவன். இரண்டு திங்கள் அவன் வரவேயில்லை. யானும் அவனை வா என்று அழைத்திலேன்; அவன் வீட்டுத் திண்ணைக்கு மட்டும் தவறாது சென்றுவந்தேன். ஒருநாள் கோயிற்குளத்தில் யாங்கள் உழவாரப்பணி செய்து பாசியும் ஆகாயத்தாமரையும் அகற்றிக்கொண்டிருந்தபோது, கரையில் வந்து நின்றவன், யாரும் சொல்லாமலே இறங்கிக் கையிட்டான். பெரிய பையன் இருவரும் அவனோடு இறங்கினர். குடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களே என்று அறிந்தும் யான் ஒன்றுங் கேட்கவில்லை. மாலையில் மூவரும் மண்டபத்தில் எல்லாரோடும் அமர்ந்து சுண்டல் உண்டனர். பெரியவருள் ஒருவன் பின்னர் வந்து குளத்தின் நான்கு கரையையும் செம்மையாக்கினான். மற்றொருவன் அப்பக்கம் திரும்பவில்லை. அவனை இழந்தோம் என்றே சொல்லவேண்டும்.

தகப்பனிடத்தில் யான் தோற்றேன். நான்குமுறை பேசினேன். இரண்டுமுறை அழுதான், ஒருமுறை வைதான், ஒருமுறை கையடித்துச் சத்தியஞ் செய்தான். சத்தியம் ஒன்பது நாள் நின்றது. மது நோய்க்கு மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதனை அறிந்து, ஓரன்பர் துணையோடு நாகர்கோவிலுக்கு அழைத்துச் செல்ல நாளும் குறித்தோம். அந்நாளில் அவன் வீட்டிலில்லை. திருமுறை கேட்டவுடன் குடியன் திருந்திவிட்டான் என்று எழுதும் கட்டுரைகளை யானும் படித்திருக்கின்றேன். அவ்வாறு எழுத என்னால் இயலவில்லை. தாய்க்கு மட்டும் ஒரு நன்மை நேர்ந்தது. பிள்ளைகளை விட வரும் தாய்மார் அறுவர் மண்டபத்தில் ஒருவரையொருவர் அறிந்து, மாதச் சீட்டொன்று பிடிக்கத் தொடங்கினர். முதற்சீட்டு அவளுக்கே விழுந்தது. அதில் மகளுக்குக் காதணி வாங்குவாள் என்று எண்ணினேன். வீட்டுக்குப் பூட்டு வாங்கினாள்.

அவ்வாண்டு மார்கழியில் பிள்ளைகள் இருபத்துமூவரை மக்கள்மார் சந்திப்பிற்கு அழைத்துச் சென்றேன். தாயும் வந்தாள். கூட்டத்தில் சற்றுத் தொலைவில் தகப்பனும் நின்றான், அன்று குடித்திருக்கவில்லை. சிறுவன் அவனைக் கண்டும் போகாமல் என் அருகிலேயே நின்றான். வாகனங்கள் ஒன்றையொன்று எதிர்கொண்டு, மேளம் முழங்கி, கூட்டம் கைகுவித்தபொழுது அவன் என் மேல்துண்டை இழுத்தான்.

"பாட்டா, அவங்க அப்பா கூப்பிட்டாத்தான் பிள்ளைக வருமா, இல்லே, பிள்ளைகளாவே வருமா?"

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "தெரியலையே, மக்களே" என்றேன்.

அவன் சிறிதுநேரம் நின்றான். பிறகு தங்கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கித் தகப்பன் நின்ற பக்கம் சென்றான். குழந்தைக்குத் தெரியவில்லை என்றான் போலும். அவன் அவளை வாங்கித் தோள்மேல் ஏற்றிக்கொண்டான். மூவரும் அவ்வாறே நின்று தரிசித்தனர். மறுகிழமை அவன் மீண்டும் குடித்து வந்தான் என்றும் கேள்வியுற்றேன்.

சிறுவன் இவ்வாண்டு எட்டாம் வகுப்பு. சனிக்கிழமைகளிற் சிறு பிள்ளைகட்கு முதற்பாடம் அவனே சொல்லித்தருகின்றான். சிலவேளை என்னைவிடக் கண்டிப்பாகவே கடிகின்றான், அதற்கு நாங்களிருவரும் தனியே பேசவேண்டியிருக்கின்றது. எனக்கு முழங்கால் வலி மிகுந்துவிட்டமையின், பாடம் முடிந்தபின் தெருவழிச் சென்று பிள்ளைகளை வீட்டில் விட்டுவர வேறொருவர் வேண்டும். தொடர்வண்டித் துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவரைக் கேட்டிருக்கின்றேன். திண்ணைதோறும் உட்கார்ந்து பேச வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார்.